கடப்பிதழுக்கு மனுப்போட்ட அராஜகர்

மலேசியாவின் பேராக் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் உப்பங்காற்றுக்கும் நடுவே கிடக்கும் பாகான் டத்தோவில் உட்கார்ந்துகொண்டு அராஜகத் தத்துவத்தைப் பற்றி எழுத முற்படுகிறவனை அண்டை அயலார் சற்றே ஐயத்தோடு நோக்குவது இயல்புதான். ஏனெனில் நம்முடைய பத்திரிகைத் தமிழில் அராஜகம் என்னும் சொல்லுக்குக் கல்லெறி, கடையுடைப்பு, கட்டுக்கு அடங்காத காலித்தனம் என்பவற்றுக்கு அப்பால் வேறு பொருள் ஏற்படவே இல்லை. அச்சொல்லின் பூர்வீகமோ மிகப் பழையது. தசரதன் மாண்டு, இராமன் கானகத்திலும் பரதன் கேகயத்திலும் இருக்க, அயோத்தியின் அரியணை ஓரிரவு வெறுமையாய்க் கிடந்து விடிந்த காலையில், சான்றோர் பலர் கூடி வசிஷ்டரிடம் முறையிடுவதாக வால்மீகி ஒரு நீண்ட சருக்கம் அமைத்திருக்கிறார்: அரசனில்லாத நாட்டில் மேகம் பொழியாது, வயலில் விதை விழாது, வணிகன் வழிநடக்க முடியாது, மகன் தந்தைக்கு அடங்கமாட்டான் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் மச்ச நியாயம் என்ற உவமையும் இதே அச்சத்தின் குழந்தைதான்.

ஆனால் நமது இதிகாசங்கள் ஒருபக்கச் சாட்சியோடு நின்றுவிடவில்லை. சாந்தி பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடந்தபடி அரசநீதி உரைக்கும் பீஷ்மர், ஆதியிலே அரசும் அரசனும் தண்டமும் தண்டிப்பவனும் இல்லாமல் மக்கள் அறத்தின் வலிமையாலேயே ஒருவரையொருவர் காத்து வாழ்ந்தார்கள் என்று முதலில் சொல்லி, பிறகே, அவர்களை மோகம் பற்றியது, அறம் தளர்ந்தது, அரசன் தேவைப்பட்டான் என்று தொடர்கிறார். பீஷ்மரின் முதல் கூற்றை நம்பி, இரண்டாவது கூற்றோடு வழக்காடுகிறவனுக்கே தத்துவ உலகில் அராஜகன் என்று பெயர். அதிகாரம் இருப்பதனால்தான் ஒழுங்கு இருக்கிறதா, அல்லது மனிதர் தமக்குள் இயல்பாகவே வைத்திருக்கும் ஒழுங்கின்மேல் அதிகாரம் ஏறி உட்கார்ந்துகொண்டு அதைத் தன் சாதனையாகக் காட்டுகிறதா என்பதே அவ்வழக்கின் மையம்.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ளப் பழைய தோட்டத்து வாழ்க்கை ஒரு நல்ல பாடசாலை என்பது என் அபிப்பிராயம். 1906-இல் டேனிஷ் பொறியாளர் வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனி இங்கிருந்து தொலைவில் இல்லை. அதைப்போலப் பேராக் மாநிலமெங்கும் காடழித்து உண்டான தோட்டங்களில், குடியிருக்கும் லயமும், நோய் தீர்க்கும் ஆஸ்பத்திரியும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும், கடன் கொடுக்கும் கடையும், மாலையில் கூலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கள்ளுக்கடையும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று பெயர் கொடுத்த தொழிலாளிக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை என்று அடுக்கிய படிக்கட்டில், முதலாளியும் வீட்டுக்காரனும் நீதிபதியும் காவலனும் ஒரே ஆளாக உச்சியில் நின்றான். வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குக் கொடுத்த தலைக்காசு, ஆளுவதற்கென்றே ஒருவனுக்குக் கூலி கொடுக்கும் முறையின் கலப்பில்லாத வடிவம். நாட்டில் அரசு என்பது பல கட்டடங்களில் சிதறிக் கிடப்பதால் அதன் முழு உருவம் எளிதில் புலப்படுவதில்லை. தோட்டத்தில் அது தொப்பியணிந்து கண்முன்னே நடந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்களின் கோரிக்கைகளை இந்த நோக்கில் படித்துப் பார்க்க வேண்டும். கூலி உயர்வு கேட்டார்கள். அது எங்கும் கேட்கப்படுவது. அத்தோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்பு நாடுகடத்தப்பட்டார், படைகள் வந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. கூலியை உயர்த்துவது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும் காரியமாயிருக்க, சைக்கிளிலிருந்து இறங்காமல் போவது துரைத்தனத்தின் அடித்தளத்தையே அசைத்தது என்பதை அன்றைய அதிகாரிகள் நம்முடைய சரித்திர ஆசிரியர் பலரையும்விடத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் போலும்.

சுரண்டல் வேறு, ஆதிக்கம் வேறு. முதலாவதை ஒழித்தால் இரண்டாவது தானாக உதிரும் என்று நம்புவது பேதைமை என்னும் இந்த வேறுபாடுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்ஸையும் பக்கூனினையும் பிரித்தது. ருஷ்யப் பிரபு குலத்தில் பிறந்து, சிறைகளிலும் சைபீரியாவிலும் காலம் கழித்து, அங்கிருந்து தப்பிப் பூமியைச் சுற்றி ஐரோப்பா வந்து சேர்ந்த மிகயில் பக்கூனின், தொழிலாளரின் பெயரால் அரசைக் கைப்பற்றுகிறவர்கள் நாளடைவில் தொழிலாளரை ஆளும் புதிய வர்க்கமாவார்கள் என்று எச்சரித்தார். தொழிலாளரின் சர்வதேச அமைப்பான முதலாம் அகிலத்தின் 1872-ஆம் ஆண்டு ஹேக் மாநாடு அவரை வெளியேற்றியது. அதே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் சாந்த் இமியே ஊரில் அவருடைய சார்பினர் தனி மாநாடு கூடினார்கள். உலகச் சோஷலிச இயக்கம் அன்று பிளந்த பிளவு இன்றளவும் ஒட்டவில்லை.

பக்கூனினுக்கு முன்னோடிகள் உண்டு. ஆங்கிலேயரான வில்லியம் காட்வின் 1793-இல் வெளியிட்ட அரசியல் நீதி பற்றிய நூலில், மனிதனுடைய பகுத்தறிவு வளர வளர அரசாங்கம் தேவையற்று உதிரும் என்று, கோபமே இல்லாத ஒரு பாதிரியாரின் தொனியில் வாதித்தார். அவர் உண்மையிலேயே முன்னாள் பாதிரியார்தான். ஜெர்மானியரான மாக்ஸ் ஸ்டிர்னர், அரசு மட்டுமன்றித் தேசம், மானுடம், அறம் ஆகிய சகல கருத்துகளும் தனிமனிதன் தோளில் ஏறிய பேய்களே என்று எழுதித் தனித்துவ அராஜகத்துக்கு வித்திட்டார். அமெரிக்காவில் பெஞ்சமின் டக்கர் தம்முடைய பத்திரிகையின் வாயிலாக அப்பாதையில் சிறிது தூரம் நடந்தார். கூட்டமாய் வந்து கூட்டமாய் வாழ்ந்த நமக்கு இந்தத் தனித்துவக் கிளை அதிகம் பேசுவதில்லையாதலால் இதனை இவ்வளவில் விடுகிறேன்.

நமக்கு நெருக்கமானவர் புரூதோன். பிரான்சின் பெசான்சோன் நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த அவர், 1840-இல் உடைமையைக் களவோடு வைத்து எண்ணி ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்ததோடு, தம்மை அராஜகர் என்று பெருமையோடு அழைத்துக்கொண்ட முதல் சிந்தனையாளராகவும் விளங்கினார். ஆனால் அவருடைய பரிகாரம் சாந்தமானது: உழைப்பவர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, வட்டியில்லாக் கடன் கொடுக்கும் வங்கியையும் கூட்டுறவுத் தொழிலகங்களையும் அமைத்துக்கொண்டால், முதலாளியும் அரசும் வெட்டுப்படாமலே வற்றிப்போவார்கள் என்பது அவருடைய பரஸ்பரவாதம். 1849-இல் அவர் தொடங்கிய மக்கள் வங்கி, அவர் சிறைத்தண்டனை பெற்றதால் முளையிலேயே கருகியது. நமது பெண்கள் மாதந்தோறும் கூட்டுப் பணம் சேர்த்து, ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்து, தாலிக்கும் படிப்புக்கும் வழிசெய்துகொள்வதைப் புரூதோன் கண்டிருந்தால், தம் வங்கி பாரிஸில் அடைந்த கதியை நினைத்துப் பெருமூச்செறிந்திருப்பார்.

இந்தப் பரஸ்பரவாதத்துக்குப் பேராக் மண்ணோடு தொடர்புடைய பெரிய உதாரணமும் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்க, லயத்தைத் தவிர வேறு வீடறியாத குடும்பங்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதலில் கைக்கு வந்தது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவனே அம்மரத்தில் பங்காளியானான். சம்பந்தன் ஓர் அமைச்சர். அராஜகம் என்ற சொல்லை அவர் காதால் கேட்டாலும் முகம் சுளித்திருப்பார். சங்கமோ அரசாங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. ஆயினும் சகாயத்துக்காக மேலே பார்க்காமல் பக்கத்திலிருப்பவனைப் பார்ப்பது என்ற அளவில் அது புரூதோனின் சிந்தனைக்குப் பங்காளிதான். உறுப்பினர் பெருகப் பெருகச் சங்கமும் காரியாலயம், நிர்வாகம், மேலாளர் என்று தனக்கென ஒரு படிக்கட்டைக் கட்டிக்கொண்டது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கூட்டுறவு பெரிதாகும்போது அது எப்படிக் கூட்டுறவாகவே நீடிக்கும் என்ற கேள்விக்குப் புரூதோனிடத்தில் திருப்தியான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

இக்கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியவர் இளவரசர் பீட்டர் குரோப்போட்கின். புவியியலாளராகச் சைபீரியாவில் அலைந்து, கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றோடொன்று போரிடுவதைவிட ஒன்றையொன்று தாங்குவதையே மிகுதியாகக் கண்ட அவர், வலியது வாழும் என்று டார்வின் பெயரால் பேசியவர்களுக்கு மறுப்பாகப் பரஸ்பர உதவி என்ற நூலை 1902-இல் வெளியிட்டார். மச்ச நியாயத்துக்கு மீன்களைக் கவனித்தே பதில் சொன்ன நூல் அது என்று விளையாட்டாகச் சொல்லலாம். உற்பத்தி அனைத்தும் பொதுவாகி, கூலி என்பதே ஒழிந்து, ஒவ்வொருவரும் தேவைக்கேற்பப் பெறும் சிறு சமூகங்களின் கூட்டிணைப்பே அவர் கண்ட பொதுவுடைமை அராஜகம். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று மேடைதோறும் முழங்கப்படும் பண்பு, கம்பத்து மக்கள் வீடு தூக்கவும் கல்யாணச் சமையலுக்கும் தாமாகவே கூடிய நாட்களில் குரோப்போட்கினுக்கு உரியதாயிருந்தது. பேட்டைத் தலைவர் தேதி குறித்துத் துடைப்பம் வழங்கும் நாட்களில் அது யாருக்கு உரியது என்று சொல்ல எனக்கு வகையில்லை.

தொழிற்சங்கத்தையே எதிர்காலச் சமுதாயத்தின் கருவாகக் கொண்டது மற்றொரு கிளை. கட்சியும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம், பொதுவேலைநிறுத்தத்தால் ஆலைகளைத் தொழிலாளரே ஏற்று நடத்தட்டும் என்ற இந்தச் சங்கவாத அராஜகம் 1910-இல் தோன்றிய ஸ்பானியத் தொழிலாளர் கூட்டமைப்பின் வாயிலாக, 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில், பார்சிலோனாவின் டிராம் வண்டிகளையும் அரகோன் வயல்களையும் சில காலம் முதலாளியின்றியே நடத்திக் காட்டியது. இதற்கு நேரெதிர்த் திசையில், திருச்சபையையும் படையையும் வரியையும் கிறிஸ்துவின் மலைப்பிரசங்கத்தைக் கொண்டே மறுத்த டால்ஸ்டாய் நிற்கிறார். அவரோடு கடிதத்தொடர்பு கொண்ட காந்தி, 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த பண்ணை டால்ஸ்டாயின் பெயரையே தாங்கியது. அப்பண்ணையில் வசித்த சத்தியாக்கிரகிகளில் தமிழர் பலர். 1916-இல் காசியில் இந்து சர்வகலாசாலையின் அடிக்கல் நாட்டு விழாவையொட்டிப் பேசிய காந்தி, தாமும் ஓர் அராஜகரே, ஆனால் குண்டெறிபவர்களின் வகையைச் சேராதவர் என்று பொருள்படச் சொன்னதைக் கேட்டு மேடையிலிருந்த பெருமக்கள் கலைந்தனர். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கிராமப் பொருளாதாரம் இக்கிளையில் பழுத்த கனி.

குண்டு என்ற சொல் வந்துவிட்டபடியால் அதையும் பேசிவிட வேண்டும். செயலே பிரசாரம் என்று கூறிக்கொண்டு மன்னர்களையும் மந்திரிகளையும் கொன்ற ஒரு சிறு கூட்டம் ஐரோப்பாவில் இருந்தது மெய். அராஜகத்தின் பெயர் கெட்டதற்கு அவர்கள் பங்கும் உண்டு. மலாயாவுக்கு அராஜகக் கருத்துகளைக் கொண்டுவந்தவர்கள் சீனர்கள். ருஷ்யப் பொதுவுடைமையின் செல்வாக்கு இங்கே வேரூன்றுவதற்கு முன்பே, 1919 வாக்கில், சீனப் பள்ளி ஆசிரியரும் பத்திரிகையாளரும் குரோப்போட்கினைப் பரப்பி, அதற்காக நாடுகடத்தப்பட்டார்கள். 1925 ஜனவரியில் வோங் சாவ் யிங் என்னும் இளம்பெண் கோலாலம்பூரிலுள்ள சீனப் பாதுகாப்பு அலுவலகத்தில் கைப்பெட்டியில் கொண்டுசென்ற குண்டை வெடிக்கச் செய்ய, இரண்டு ஆங்கில அதிகாரிகளோடு அவளும் காயமுற்றாள். அந்த நிகழ்ச்சிக்குப்பின் காவல்துறையின் அச்சம் பெருகியது, சிந்தனையோ பெருகவில்லை. வெடித்த சத்தத்தில் விவாதம் அமுங்கிப்போவது இவ்வழியின் தீராத குறை.

இதைவிட ஆழமான அராஜகப் பாடம், ஆரவாரமே இல்லாமல் கெடா வயல்களில் கற்கப்பட்டது. 1978 முதல் 1980 வரை மூடா சமவெளியின் நெல் விளையும் சிற்றூர் ஒன்றில் தங்கிய அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், ஏழை விவசாயிகள் புரட்சி செய்வதில்லை என்றும், காலம் கடத்துதல், தெரியாததுபோல் நடித்தல், வம்பு பேசுதல், சிறு களவு, கால் பின்னித் தாமதித்தல் ஆகிய எளியவரின் ஆயுதங்களால் நாள்தோறும் அதிகாரத்தை அரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் 1985-இல் எழுதினார். பின்னாளில் அவர் அராஜகத்துக்கு இரண்டு ஜே போட்டார். மூன்றாவதைப் போட மனம் வரவில்லை. துரை திரும்பியதும் ஓய்ந்த கைகளையும், கங்காணியைப் பற்றிப் பாடிய ஒப்பாரிக் கேலிகளையும் அறிந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஸ்காட்டின் புத்தகம் சொல்வது புதிய செய்தியாயிராது.

இத்தனை கிளைகளையும் ஒரே ஆயுளில் தொட்டு வாழ்ந்த தமிழகத்து மனிதர் ஒருவர் உண்டு. அவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார், சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா, 1887-இல் சென்னையில் வைணவப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பாரதியார் ஆசிரியராயிருந்த இந்தியா பத்திரிகையோடு தொடர்புகொண்டு, 1908-இல் அடக்குமுறை நெருக்கியபோது அது புதுச்சேரிக்குப் பெயர்ந்ததில் பங்கெடுத்து, அவ்வாண்டிறுதியில் கப்பலேறினார். லண்டனில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா மாளிகையில் வ.வே.சு. ஐயரோடும் சாவர்க்கரோடும் இருந்தார். ஸ்பானியரை எதிர்த்த ரிஃப் மக்களோடு சேர்ந்து போர்ப்பயிற்சி பெறலாம் என்று மொராக்கோவுக்குப் புறப்பட்டு ஏமாந்து திரும்பினார். கான்ஸ்டாண்டிநோபிள், நியூயார்க், கலிபோர்னியா, முதல் உலகப் போரின்போது பெர்லின், பிறகு ஸ்டாக்ஹோம் என்று அலைந்து, 1919-இல் புரட்சியாளர் மகேந்திர பிரதாப் குழுவோடு மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் எம்.என். ராயோடு சேர்ந்து இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். சில மாதங்களுக்குள் ராயோடு முரண்பட்டு, 1921 தொடக்கத்திலேயே அக்கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்.

ஹேக் நகரில் பக்கூனினுக்கு நேர்ந்தது தாஷ்கண்டில் ஆச்சாரியாவுக்கு நேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. பக்கூனின் ஊகித்து எச்சரித்ததை ஆச்சாரியா கண்ணால் கண்டார்: தொழிலாளர் அரசு தொழிலாளரையே சுடும் காலத்தில் ருஷ்யாவில் வாழ்ந்தவர் அவர். மாக்தா நாக்மன் என்னும் ருஷ்ய ஓவியப் பெண்மணியை மணந்துகொண்டு 1922 இறுதியில் பெர்லின் சேர்ந்ததும், அவ்வாண்டு டிசம்பரில் அங்கே கூடிய சங்கவாத அராஜகர்களின் அகில உலக மாநாட்டில் கலந்துகொண்டார். ருடால்ஃப் ராக்கர், எம்மா கோல்ட்மன், அலெக்சாந்தர் பெர்க்மன் ஆகிய அராஜகர்கள் அவருடைய தோழமை வட்டத்தினர். பல மொழிகளில் வெளிவந்த அராஜகப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சொற்ப வருவாயில் வாழ்ந்தார். காந்தியின் சமய நம்பிக்கையில் அவருக்கு நாட்டமில்லை. ஆயினும் அரசு என்பதே திரண்ட வன்முறை என்று கருதிய அவர், அகிம்சையை மெய்யாகவே கடைப்பிடிப்பவன் முடிவில் அரசையும் கூலியையும் லாபத்தையும் மறுத்தே ஆக வேண்டும் என்ற தருக்கத்தால் சத்தியாக்கிரகத்தின்பால் ஈர்க்கப்பட்டார். அகிம்சைப் பொருளாதாரம் பற்றி 1947-இல் அவர் எழுதிய சிறு நூல், ஆயுதத்தைத் தேடி மொராக்கோவுக்குப் போன இளைஞன் வந்துசேர்ந்த தூரத்தைக் காட்டும். அந்நியரை அனுப்பிவிட்டு அதே நாற்காலியில் நம்மவரை அமர்த்துவது விடுதலையாகாது என்பது அவருடைய உறுதி. புதிய தேசத்தின் குதூகலத்தில் அதைக் கேட்க ஆளில்லை.

சாதியைப் பற்றி ஒரு சொல். அரசு விலகினால் மக்கள் ஒருவரையொருவர் தாங்குவார்கள் என்ற குரோப்போட்கினின் நம்பிக்கையை நமது ஊர்களில் ஏற்றிப் பார்க்கும்போது, தனிக்குவளையும் தனிச்சுடுகாடும் யாருடைய ஆணையால் வந்தன என்று கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சாயத்தும் பரஸ்பர உதவிதான்; ஆனால் அது யாருக்குள் பரஸ்பரம்? தோட்டத்திலும் ஒரே பெரட்டில் நின்றவர்கள் லயத்துக்குத் திரும்பியபின் பிரிந்து வாழ்ந்ததுண்டு. ஒரே மரத்தை வெட்டிய பெண்ணுக்கு ஆணைவிடக் கூலி குறைத்தே விதிக்கப்பட்டதுண்டு. வீட்டுக்குள்ளும் விவாகத்துக்குள்ளும் இருக்கும் துரைத்தனத்தைக் கூர்ந்து கவனித்த அராஜகர்களில் ஒருவர் எம்மா கோல்ட்மன். 1934 வாக்கில் பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்க, பெரியாரின் அச்சகம் வெளியிட, வழக்கு வந்தது. தாம் பக்கூனினைப் படித்ததாக அக்கட்டுரையில் பகத்சிங் குறிப்பிட்டிருந்தார். கடவுளையும் அரசையும் ஒருசேர மறுத்த அந்த ருஷ்யரின் பெயர் தமிழ் வாசகனை எட்டியது சாதியொழிப்பு அச்சகத்தின் வழியாக என்பது தற்செயலாயினும் பொருத்தமான தற்செயல்.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறொன்று. அரசற்ற வாழ்வு வேறு, நாடற்ற நிலை வேறு. நாடு விடுதலை பெற்ற 1957-க்குப் பிறகும் குடியுரிமை பெறாத தொழிலாளர்களின் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டில் அது இறுக்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் இம்மண்ணில் மரம் வெட்டிய பல்லாயிரவர், தங்களில் பலர் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலையும் தாய்மார் இன்றும் நம்மிடையே உண்டு. இவர்களிடம் சென்று, அரசு என்பது ஒரு பேய், அதன் முத்திரைக்கு மதிப்பளிக்காதே என்று ஸ்டிர்னரைப்போல உபதேசிக்க எவருக்கு மனம் வரும்? மறுபுறம், ஒரு காகிதத்தால் மனிதனை உள்ளே வெளியே என்று பிரிக்கும் அதிகாரம் எவ்வளவு கொடியது என்பதற்கு இவர்களைவிடச் சிறந்த சாட்சியும் இல்லை. அராஜகத் தத்துவத்துக்கு ஆதரவும் எதிர்ப்பும் அந்த ஒரே சிவப்பு அட்டையில் அச்சாகியிருக்கின்றன.

இந்த இரட்டை நிலையை ஆச்சாரியா தம் உடம்பிலேயே அனுபவித்தார். பெர்லினில் அவரும் மாக்தாவும் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் வாழ்ந்த ஆண்டுகளில், எல்லைகளெல்லாம் அழிய வேண்டும் என்று எழுதிய அதே கையால் பிரிட்டிஷ் தூதரகத்துக்குக் கடப்பிதழ் கேட்டு மனுமேல் மனுப்போட்டார். அவரை ஒற்றர்களைக் கொண்டு கண்காணித்த அதே சாம்ராஜ்யம்தான் அவருடைய மனுவையும் பரிசீலித்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பெர்லின் வாழத் தகாததாகிவிட்ட பிறகு, 1934-இல் கடப்பிதழ் கிடைத்தது. 1935-இல் பம்பாய்க்குத் திரும்பினார். 1951 பிப்ரவரியில் மாக்தா, தம் ஓவியக் கண்காட்சி திறக்கப்படவிருந்த வேளையில் இறந்தார். காசநோயோடும் வறுமையோடும் தனித்திருந்த ஆச்சாரியா 1954 மார்ச்சில் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். அக்கடப்பிதழின் தயவால் ஊர் திரும்பிய அவர், கடப்பிதழ்களே இல்லாத உலகத்தைப் பற்றி அதன் பின்னும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.